ராமை 3800க்கு ஏற்றிய பின் டிஸ்ப்ளே போய்விட்டதா? எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, 3200 வேகத்தில் ஓடும் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ராமை 3733இல் ஓட்டினேன். பிரவுசர் மட்டும் இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது. நேற்று பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் போர்டின் செட்டிங் திரையில்) ராம் 3800, எஃப்கிளாக் 1900, ராம் வோல்டேஜ் 1.45 என்று போட்டு சேவ் செய்தேன். இப்போது ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. மதர்போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் விளக்கு எரிகிறது. பிராசஸர் போய்விட்டதா?

பதில்: போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராமுக்கு 1.45 வோல்ட் என்பது ஒரே இரவில் எதையும் எரிக்கும் அளவல்ல. அந்த வோல்டேஜுக்கென்றே விற்கப்படும் டிடிஆர்4 கிட்கள் உண்டு. சிக்கல் பெரும்பாலும் எஃப்கிளாக்கில்தான். பிராசஸருக்குள் கோர்களையும் ராம் கன்ட்ரோலரையும் இணைக்கும் பாதையின் வேகம் அது. ராம் 3600 என்றால் எஃப்கிளாக் 1800, ராம் 3800 என்றால் 1900 என்று சரிபாதியாக வைப்பார்கள். 5600எக்ஸ் வகைச் சிப்கள் 1800ஐ அநேகமாகச் சிரமமின்றி எட்டும். 1900இல்தான் பல சிப்கள் பூட்டே ஆகாமல் நின்றுவிடும். அதற்கு மேல் ஓடுகிற சிப்கூட சரியாக 1900இல் மட்டும் மறுப்பதுண்டு. இது சிப்புக்குச் சிப் மாறும் விஷயம். உங்கள் கைத்தவறு இல்லை.

ராம் செட்டிங் ஒத்துவராவிட்டால், போர்டு சில முறை ஆன் ஆகி ஆஃப் ஆகி, பிறகு தானே பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் முதலில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மூன்று நிமிடம் தொடாமல் இருங்கள். அவசரப்பட்டு இடையில் அணைத்தால் அந்த முயற்சி பாதியில் நின்றுவிடும். எஃப்கிளாக் தவறினால் மட்டும் பல போர்டுகள் தானாக மீள்வதில்லை. அப்போது சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங்குகளைப் போர்டு நினைவில் வைத்திருக்கும் இடத்தை, நாம்தான் அழிக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து பவர் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்விட்ச் ஆனில் இருந்து கேபிளும் செருகியிருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பேட்டரியை எடுத்தாலும் பலர் தோற்பது இதனால்தான். பிறகு கேபினட்டின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் விளக்கு மங்கி அணைவதைப் பார்க்கலாம். இனி போர்டின் கீழ் ஓரத்தில் தனியாக நிற்கும் இரண்டு பின்களைத் தேடுங்கள். கம்பெனிக்கு ஏற்ப ஜேபேட்1, சிஎல்ஆர்டிசி, கிளியர் சிமாஸ் என்று அருகில் அச்சிட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரண்டு பின்னிலும் ஒரே நேரத்தில் படும்படி பத்து நொடி வையுங்கள். பக்கத்துப் பின்களில் முனை சறுக்காமல் கவனம். பின் கண்ணில் படாவிட்டால் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைப் பத்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கார்டை இழுக்கும் முன் ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சிறு தாழ்ப்பாளை அழுத்த மறக்காதீர்கள், உடைவது அதுதான்.

பிறகும் டிராம் விளக்கு எரிந்தால் ஒரே ஒரு ராமை, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில், கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள இத்தகைய போர்டுகளில் சிக்னல் கம்பிகள் அந்த ஸ்லாட்டில்தான் முடிகின்றன. முனை காலியாக இருந்தால் சிக்னல் எதிரொலித்துக் குழம்பும். வரவில்லையென்றால் அடுத்த ராமை அதே இடத்தில் மாற்றிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 5600எக்ஸில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐயில் ஒருபோதும் படம் வராது. எதுவும் பலிக்காமல், உங்கள் போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (டிஸ்ப்ளே இல்லாமலே பயாஸை எழுத உதவுவது) இருந்தால், எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்த பென்டிரைவ் மூலம் பயாஸை மறுபடி எழுதிப் பார்க்கலாம். கடைக்குக் கொண்டுபோவது அதற்கும் பிறகுதான்.

டிஸ்ப்ளே வந்ததும் நேராக விண்டோஸுக்குள் போய்விடாதீர்கள். சிமாஸ் அழிந்தால் எல்லா செட்டிங்கும் கம்பெனி நிலைக்குப் போயிருக்கும். தேதியும் நேரமும் தவறாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும். பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால், அந்த முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம் என்ற செட்டிங் அணைந்திருப்பதால் பூட் டிரைவே தெரியாமல் போகலாம். டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தருவது நேற்றைய 3800 அல்ல, ஒரு வாரம் ஓடிய 3733. பிரவுசர் இரண்டு முறை மூடிக்கொண்டது ராம் தவறியதற்கான அறிகுறியாக இருக்கலாம். பூட் ஆகாத ஓவர்கிளாக் (வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றுவது) உங்கள் ஃபைலைத் தொடாது. அரைகுறையாக ஓடுவதுதான் தொடும். ராமில் ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறி, அந்த நேரத்தில் ஒரு புகைப்படம் டிரைவுக்குக் காப்பி ஆகிக்கொண்டிருந்தால், பாதிப் படத்தில் கோடு விழும். ஜிப் ஃபைல் திறக்காது. எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே அந்த வாரத்துக்கு முந்தைய பேக்கப் இருந்தால், அதன் மேல் இப்போதைய ஃபைல்களை எழுதிவிடாதீர்கள். அந்த வாரம் காப்பி செய்த, எடிட் செய்த ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

அடுத்து, எக்ஸ்எம்பி (ராமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போடாமல், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை பென்டிரைவில் இருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓட்டுங்கள். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது. இந்த நிலையிலேயே பிழை வந்தால் ராம்களைத் தனித்தனியே சோதித்து, கெட்டதைக் கண்டுபிடித்து வாரண்டிக்கு அனுப்புங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பிழை இல்லையென்றால் எக்ஸ்எம்பி 3200ஐ ஆன் செய்து மறுபடி ஓட்டுங்கள். அதிலும் தேறிய பிறகு விண்டோஸில் நுழைந்து, அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் சிஸ்டம் ஃபைல் செக்கரை (விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் sfc /scannow கட்டளையை) இயக்குங்கள். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கருவி மூலம் விண்டோஸ் இமேஜை மீட்டுவிட்டு, செக்கரை இன்னொரு முறை இயக்குங்கள்.

மறுபடி ஏற்றிப் பார்க்க ஆசை இருந்தால் 3600, எஃப்கிளாக் 1800 என்பதோடு நில்லுங்கள். வோல்டேஜ் 1.35இல் தொடங்கி, தேவைப்பட்டால் 1.40. டைமிங்கை, அதாவது ராம் பதில் தர எடுக்கும் காத்திருப்பு எண்களை, முதலில் தளர்வாக, 18-22-22-42 போல விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது. மெம்டெஸ்ட் தேறிய பிறகும் இரண்டு நாள் கழித்து விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 19ஆம் எண் பிழைகள் குவிந்திருந்தால் எஃப்கிளாக் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எஃப்கிளாக்கை 1733க்கும் ராமை 3466க்கும் இறக்குங்கள். இவற்றைத் தொடங்கும் முன்பே, தேறிய 3200 செட்டிங்கைப் பயாஸ் புரொஃபைலாகப் பெயர் போட்டுச் சேமித்து, அதன் நகலைப் பென்டிரைவிலும் வைத்துவிடுங்கள். பயாஸை அப்டேட் செய்தால் உள்ளே சேமித்த புரொஃபைல் அழிந்துபோகலாம்.