மாகாணக் கோப்பை வென்றும் இரண்டாம் லீகில் பெயர் இல்லையா?

உக்ரைன் கால்பந்தில் மாகாண சாம்பியன் பட்டம் வென்றால் தொழில்முறை லீகில் இடம் தானாகக் கிடைக்காது. உங்கள் கிளப் அடுத்த பருவத்தின் இரண்டாம் லீகில் இல்லாததற்கு அதுவே காரணம். மாகாணப் போட்டியை நடத்துவது அந்தந்த மாகாணக் கால்பந்துச் சங்கம். பிரீமியர் லீகுக்குக் கீழுள்ள முதல், இரண்டாம் லீகுகளை நடத்துவது தொழில்முறை கால்பந்து லீக் என்ற வேறு அமைப்பு. மாகாணப் போட்டிக்கும் இரண்டாம் லீகுக்கும் இடையில் தேசிய அமெச்சூர் போட்டி இருக்கிறது.

பெரும்பாலும் இடறுவது தொழில்முறை லீகில் ஆடத் தேவையான தகுதிச் சான்றில்தான். மைதானம், நிதி, இளையோர் அணி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கிராமத்து கிளப்புக்குக் கோப்பை வாங்குவதைவிட இது கடினம் என்பேன். ஆனாலும் கியீவ் மாகாணத்தின் கொவாலிவ்கா என்ற சிற்றூரின் கோலோஸ் கிளப், மாகாணப் போட்டியிலிருந்து அமெச்சூர் வழியாக 2015இல் இரண்டாம் லீகுக்கு வந்து, 2019இல் பிரீமியர் லீகையே எட்டிவிட்டது.

இப்படிச் சரிபாருங்கள்:

1. அந்தப் பருவத்தின் தேசிய அமெச்சூர் போட்டிப் பட்டியலில் கிளப் இருக்கிறதா?
2. இருந்தால், விண்ணப்பித்ததா, சான்று கிடைத்ததா என்று லீகின் அறிவிப்புகளில் தேடுங்கள்.

கியீவ் நகரத்துக்கும் கியீவ் மாகாணத்துக்கும் தனித்தனிச் சங்கங்கள். பலர் தவறான பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

2022 பிப்ரவரிக்குப் பிந்தைய பருவம் என்றால் மேலே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம். போரால் போட்டிகள் பாதியில் நின்றன, கிளப்புகள் கலைந்தன.