திப்பு காலத்துப் படி என்றார், அடியில் "1 லி." என்று இருக்கிறது

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. முன்னால் சைக்கிள் டியூபும் ஊறுகாய் ஜாடியும், உள்ளே போனால் வால்வு ரேடியோ, அரிக்கேன் விளக்கு, யானை போட்ட செப்புக்காசு என்று கொட்டிக் கிடக்கிறது. கடைக்காரர், "எதுவும் விக்கிறதுக்கு இல்லம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்றார். நான் ஒரு பித்தளைப் படியைக் கையில் எடுத்ததும் எங்கிருந்தோ ஒருவர் வந்து, "திப்பு காலத்துப் படியாச்சே இது, நான் நாலாயிரம் தர்றேன்" என்றார். கடைக்காரரோ "அந்தம்மாதான் முதல்ல எடுத்தாங்க" என்று எனக்காகப் பேசவும், 3,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். பழைய சாமானுக்கு பில் கிடையாதாம். கொல்லையில் வாள் பிடித்த வீரன் செதுக்கிய கல் ஒன்றையும் காட்டினார், வீட்டுத் தோட்டத்துக்கு ஆகுமே என்று 2,000 ரூபாய் ரொக்கமாக முன்பணம் கொடுத்தேன். மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போனால், அந்த நாலாயிரம் ஆள் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார்! வீட்டில் புளி போட்டுத் தேய்த்தால் படியின் அடியில் "1 லி." என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தக் கல். தயவுசெய்து அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், மீதிப் பணமும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நடுகல்லாக, அதாவது இறந்த வீரன் நினைவாக நட்ட கல்லாக, இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வயலோரம், ஏரிக்கரை என்று நடுகற்கள் நிற்கின்றன, பல ஊர்களில் இன்றும் அதற்குப் பூசை நடக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை விற்பவருக்கு உரிமம் வேண்டும், வாங்கி வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். எந்த ஊர்க்காரர் சாமியாகக் கும்பிட்ட கல்லோ, யார் கண்டார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் விவரத்தைச் சொல்லுங்கள், படம் இருந்தால் காட்டுங்கள். புதிதாகச் செதுக்கிப் புகையேற்றிய கல் என்றாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

அடுத்து படி. பாரமகால் என்று அந்நாளில் சொன்ன நம் கிருஷ்ணகிரிப் பகுதி 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு திப்புவின் கையை விட்டுப் போனது. லிட்டரும் கிலோவும் நம் கடைகளுக்கு வந்தது 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு. ஆக அந்த "1 லி." ஒன்றே போதும், அந்த நாலாயிரம் ஆள் சொன்னது பொய் என்று காட்ட. இனி தேய்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுங்கள், பக்கத்தில் ஏதாவது முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து. பாத்திரக் கடையில் எடை போட்டு பித்தளை விலைக்கு எவ்வளவு பெறும் என்றும் கேட்டு வையுங்கள்.

விலை ஏற்றிவிட ஆள் வைப்பது பழைய வேலை. "விக்கிறதுக்கு இல்ல" என்று ஆரம்பிப்பதும் அதே சேர்த்திதான், கிடைக்காத பொருள் என்றதும் நமக்குக் கை பரபரக்கும். அந்த ஆளை நீங்கள் கல்லாவில் பார்த்ததை எப்போது, எப்படி என்று இன்றே எழுதி வையுங்கள்.

பில் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம், பழைய சாமானைப் புராதனம் என்று பொய் சொல்லி விற்பதும் அப்படித்தான். ஜிபே பதிவு உங்களிடம் இருக்கிறது. ரொக்கத்துக்குத்தான் சாட்சி இல்லை, அதனால் சண்டைக்குப் போகாமல் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நிதானமாக எழுதுங்கள்: "உங்கள் கடை ஆள் திப்பு காலத்துப் படி என்று சொன்னதை நம்பி 3,500 கொடுத்தேன், அடியில் 1 லி. என்று இருக்கிறது, கல்லுக்குக் கொடுத்த 2,000 முன்பணத்தையும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள்." பணம் வாங்கியதை மறுக்காமல் அவர் பதில் போட்டால், "கல்லை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று போட்டால்கூட, முன்பணம் வாங்கியதற்கு அதுவே ஆதாரம்.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

இனி இந்த மாதிரிக் கடைக்குப் போனால், போகக் கூடாது என்று சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கடைகள் பிடிக்கும், கடைக்காரர் வாயால் சொல்லும் காலத்தையும் ஊரையும் பில்லிலோ வெள்ளைத் தாளிலோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவர் எழுதித் தருவார். யானைக் காசுக்கும் இதே கதைதான்: திப்பு யானை பொறித்த செப்புக்காசு அடித்தது நிஜம், போலியும் நிறையச் சுற்றுகிறது.