கிட்னி மாற்று செய்த அப்பாவுக்குக் கவுட்: மெடிக்கலில் அலோபியூரினால் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாங்க. எங்கள் மாமாவுக்கு அப்படிக் கொடுத்துத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

எங்களுக்கு மூலனூர் பக்கம். மாமாவுக்குக் கிட்னி மாற்றி ஆறு வருடம் ஆகியிருந்தது. மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின், அசத்தியோபிரின், ஸ்டீராய்டு மூன்றும் நேரம் தவறாமல் சாப்பிடுவார். ஒருநாள் விடிகாலையில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போனார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிவதால் வரும் வலி, அதுதான் கவுட். சைக்ளோஸ்போரினே யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் எழுதினார்கள். பழைய சீட்டை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண், விடாத காய்ச்சல், திண்ணைப் படி ஏறவே மூச்சு வாங்கியது. கோயமுத்தூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் 1,300. குறைந்தது 4,000 இருக்க வேண்டும்.

அசத்தியோபிரின் உடம்புக்குள் போய் மெர்காப்டோபியூரினாக மாறும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழிகளில் முக்கியமானது சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி. யூரிக் ஆசிட்டை உண்டாக்குவதும் இதே நொதிதான். அலோபியூரினால் இதைத் தடுத்ததும் யூரிக் ஆசிட் குறையும். ஆனால் மெர்காப்டோபியூரின் தேங்கி, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். கவுட்டுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ஃபெபுக்ஸோஸ்டாட்டும் இதே கதைதான். சேர்த்தே கொடுத்தாக வேண்டுமென்றால் அசத்தியோபிரினை வழக்கமான அளவில் நாலில் ஒரு பங்காகக் குறைத்து, அடிக்கடி ரத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மாமாவுக்கு அசத்தியோபிரினை நிறுத்தி, அதே வேலையைச் செய்யும் மைகோபினோலேட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம், வலிக்குக் கொல்சிசின் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் காட்டில் விளையும் கண்வலிக் கிழங்கின் விதையிலிருந்தும் எடுக்கிற மருந்து அது. காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைப்போம்; கிழங்கு விஷம் என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்ப்போம். சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர் உடம்பிலிருந்து கொல்சிசின் சரியாக வெளியேறாது. தசைகள் சிதைந்து, உட்கார்ந்தவர் எழ முடியாமல் போகும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் வேண்டாம், மாற்றிய கிட்னிக்கே ஆபத்து.

அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டைப் போட்டோ எடுத்து, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே அலோபியூரினால் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை நாளைக்குத் தள்ளாதீர்கள்.