எங்கட மறியும் கம்பளியும்: கேள்வி பதில்

வேலணையிலை இருந்து: அண்ணை, எங்கட மறியிலை கம்பளி எடுக்கேலாதோ? வெளிநாட்டிலை நல்ல விலையாம்.

ஏலாது தம்பி. யாழ்ப்பாணச் செம்மறி மயிர் ஆடு, கம்பளி ஆடில்லை. தோள்மூட்டிலை ஒரு பிடி மயிரை விரிச்சுப் பாருங்கோ. கட்டையா, விறைப்பா, சுருளே இல்லாமல் கிடக்கும். ஒரு இழை மற்ற இழையைப் பிடிக்கிற சுருள் இருந்தால்தான் நூல் திரிக்கலாம். மெரினோ எண்ட கம்பளி ஆட்டின்ரை இழை பெரும்பாலும் 24 மைக்ரோனுக்குள்ளை (மைக்ரோன் எண்டால் மில்லிமீற்றரிலை ஆயிரத்திலொரு பங்கு), அவ்வளவு மெல்லிசு. தமிழ்நாட்டிலை மென்கம்பளிக்குப் பேர்போன நீலகிரி ஆடும் மலைக்குளிரிலை உருவான இனம். அந்தக் கம்பளியோடை எங்கட சித்திரை வெயிலிலை அது என்ன பாடுபடும் எண்டு யோசியுங்கோ. இந்த வெக்கையைத் தாங்கிற குணம்தான் எங்கட மறியின்ரை சொத்து. கம்பளிக்கு ஆசைப்பட்டுக் கலப்புச் செய்து அதைக் கெடுக்காதேங்கோ.

புத்தூர்: அப்ப வருமானம்?

இறைச்சியும் எருவும். வெங்காயம் நடமுன்னம் தோட்டத்திலை இரவு பட்டி அடையுங்கோ. புழுக்கையும் மூத்திரமும் நேரை மண்ணுக்குப் போகும், எரு சுமக்கிற கூலி மிச்சம். பட்டியை ஒரே இடத்திலை வைச்சிருக்காமல் தள்ளித் தள்ளிப் போடவேணும்.

சாவகச்சேரி: மாரியிலை குட்டியள் மெலிஞ்சு, தாடைக்குக் கீழை வீங்கிச் சாகுது.

பெரும்பாலும் குடற்புழு, அக்கா. இரைப்பையிலை இருந்து இரத்தம் குடிக்கிற சாதி ஒண்டு இருக்கு. கீழ் இமையை விரலாலை இழுத்து உள்ளுக்குப் பாருங்கோ. நல்ல சிவப்பெண்டால் பயமில்லை. வெளிறிப்போய்க் கிடந்தால் அண்டைக்கே கால்நடை வைத்தியரிட்டைக் காட்டுங்கோ, நாளைக்கு எண்டு விடாதேங்கோ. அதுக்காக மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து பருக்கவும் கூடாது. புழு மருந்துக்குப் பழகிப்போகும். விடியப் புல்லிலை ஈரம் காயமுன்னம் மேய விடாதேங்கோ.

சுன்னாகம்: மாட்டுக்கு வாங்கின தாதுக் கலவையை மறிக்கும் வைக்கலாமோ?

வேண்டாம். அதிலையுள்ள செம்பு மறிக்குக் கூடிப்போகும். ஈரலிலை மெல்ல மெல்லச் சேர்ந்து ஒருநாள் திடீரெண்டு கொல்லும். மறிக்குரியது எண்டு கேட்டு வாங்குங்கோ.

நெடுந்தீவு: இபில்-இபில் குழை போட மயிர் கொட்டுது, ஐயா.

அந்தக் குழையிலையுள்ள மிமோசின் எண்ட நச்சுப்பொருள் செய்யிற வேலை. புரதம் உள்ள நல்ல தீன்தான், ஆனால் தனிய அதையே போடக்கூடாது. மூண்டிலொரு பங்குக்கு மேலை போகாமல் பூவரசு, கிளிசரியாவோடை கலந்து போடுங்கோ.

மானிப்பாய்: ஒரே கிடாயை எவ்வளவு காலம் வைச்சிருக்கலாம்?

அதின்ரை பெட்டைக் குட்டியள் பருவத்துக்கு வரமுன்னம் மாத்துங்கோ. சினைக்காலம் ஐஞ்சு மாதம். குட்டி அடைமழையிலை விழாதபடி கணக்குப் பார்த்துக் கிடாயைச் சேருங்கோ.