கட்டை விரல் ஒளிந்துகொள்ளும், எலும்பு ஒளியாது

கேள்வி: எனக்கு இப்போது 21-வது வாரம். 12-வது வார ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். போன வார ஸ்கேனில் குழந்தையின் இடது முன்கையில் கட்டை விரல் பக்கம் இருக்க வேண்டிய ரேடியஸ் எலும்பு இல்லை, கட்டை விரலும் தெரியவில்லை என்கிறார்கள். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். கட்டியிருப்பது அத்தை மகனை. இந்தக் குழந்தையை வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கிரகணத்தை முதலில் முடித்துவிடுகிறேன் அம்மா. கரு உருவான நாலாவது வாரத்தில் கை மொட்டுப் போல முளைக்கும், எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும். அதில் சூரியனுக்கோ சந்திரனுக்கோ வேலை இல்லை. சில மாத்திரைகளுக்கு உண்டு. வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

12-வது வாரத்தில் முழுக் குழந்தையே ஐந்தரை சென்டிமீட்டர்தான். அதில் முன்கையின் இரண்டு எலும்பையும் எண்ணுவது லேசில்லை. பிறகும் ஸ்கேன் பார்க்கும் நாங்கள் வழக்கமாக அளந்து எழுதுவது தொடை எலும்பைத்தான்.

கட்டை விரல் பொல்லாதது. ஒருமுறை 'இல்லை' என்று எழுதப் போனவள், மனசு கேட்காமல் அந்தப் பெண்ணை ஒரு காபி குடித்துவிட்டுக் கொஞ்சம் நடந்து வரச் சொன்னேன். அரை மணி கழித்துப் பார்த்தால், உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்ததை நீட்டிக்கொண்டிருக்கிறது பிள்ளை! அதனால் விரலை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அப்படி ஒளியாது. ரேடியஸ் இல்லாவிட்டால் மணிக்கட்டு கட்டை விரல் பக்கமாக மடங்கி, எத்தனை நேரம் பார்த்தாலும் அப்படியே நிற்கும்.

இதைவிட முக்கியம், கை மட்டும்தானா என்பது. இதயத்துக்குத் தனி எக்கோ, சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டியிருப்பதால் ஃபான்கோனி அனீமியாவையும் நினைக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால் அது வரும். பின்னாளில் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம், மரபணு இரண்டையும் சோதிக்கலாம்.

வேறு எதுவும் இல்லை, ஒரு கை மட்டும்தான் என்றால் நான் பயப்பட மாட்டேன். பிறந்ததும் மணிக்கட்டை இழுத்துப் பழக்கி, சிம்பு கட்டி, பிறகு ஆபரேஷனில் நிமிர்த்துவார்கள். ஆட்காட்டி விரலையே கட்டை விரலாக மாற்றி வைக்கவும் முடியும்.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, பெரிய குறைபாடுகள் இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டு கருவைக் கலைக்கலாம். அதற்கு மேல் மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்வதா என்ற முடிவு உங்களுடையது. சோதனை முடிவு வர நாளாகும், அதனால் இந்த வாரமே போங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.