நெடும்பயணத்தில் ஸ்டியரிங் யார் கையில்?

கேள்வி: சென்னையிலிருந்து கோவாவுக்கு ஐந்து நண்பர்கள் ஒரே காரில் போகிறோம். மூவருக்கு ஓட்டத் தெரியும். ஆளுக்கு 300 கிலோமீட்டர் என்று பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: கிலோமீட்டர் கணக்கில் பங்கு பிரிப்பதை நான் ஏற்பதில்லை. பெங்களூரு நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து 30 கிலோமீட்டர் ஊர்ந்தவரின் களைப்பும், சித்ரதுர்காவைத் தாண்டி அகலச் சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டியவரின் களைப்பும் ஒன்றல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். மாறும்போது எல்லோரும் இறங்கிக் கால் மணி நேரம் நடங்கள்.

மூவர் இருப்பதால் வரிசை எளிது. ஓட்டி முடித்தவர் பின் இருக்கைக்குப் போய்த் தூங்க வேண்டும். தூங்கி எழுந்தவர் முன்னால் வந்து வழி பார்க்க வேண்டும். வழி பார்த்தவர் அடுத்து ஓட்ட வேண்டும். தூங்குபவரை எழுப்பிய கையோடு வண்டியைக் கொடுத்தால், கண் திறந்திருந்தாலும் மூளை முழுதாக விழித்திருக்காது. அது தெளிய அரை மணி நேரம்கூடப் பிடிக்கலாம் என்பதால்தான் இந்த இடைக்கட்டம். பின்னால் உட்கார்ந்து அரட்டை அடித்தவரை ஓய்வெடுத்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அப்படியே மூவர் இருந்தாலும், ஏறத்தாழ 900 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்காமல் தாவண்கெரேயிலோ ஹூப்ளியிலோ இரவு தங்குவதே நல்லது.

கேள்வி: தூக்கம் வந்தால் காபியும் பாட்டும் போதாதா?

பதில்: பாட்டும் ஜன்னல் காற்றும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அயர்ந்தாலே வண்டி 110 மீட்டர் போய்விடும். கடைசியாகக் கடந்த ஊர் எது என்று நினைவில்லாமல் போவதும், சக்கரம் லேன் கோட்டை மிதிப்பதும் போதுமான எச்சரிக்கைகள். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். நள்ளிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை ஓட்டாமலிருப்பதே உத்தமம். முன் இருக்கைக்காரர் நிறுத்தச் சொன்னால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஓட்டுபவர் மறுக்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்.எல்.ஆர். மட்டும் உள்ள நண்பருக்குக் காலிச் சாலையில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமமில்லாதவரை ஓட்டவிட்ட உரிமையாளரும் குற்றவாளியே. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். பயிற்சிக்கான நிபந்தனைகளை நெடுஞ்சாலைச் சுற்றுலாவில் நிறைவேற்றுவது கடினம். வாடகை காராக இருந்தால், நிறுவனத்திடம் பதிவு செய்யாத எவரும், உரிமம் இருந்தாலும், ஓட்டக் கூடாது.

கேள்வி: மலைப்பாதையில் மூவரும் ஓட்ட ஆசைப்படுகிறோம்.

பதில்: அங்கே முறை வைக்காதீர்கள். யெல்லாப்பூரிலிருந்து அங்கோலாவுக்கு இறங்கும் பாதையில் லாரிகள் அதிகம். மலையில் ஓட்டிப் பழகியவரே முழுவதும் ஓட்டட்டும். இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்தி ஆள் மாறி, இருக்கையையும் கண்ணாடிகளையும் அவருக்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கேள்வி: ஓட்டாத இருவர் பெட்ரோலுக்குக் கூடுதலாகத் தர வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, ஃபாஸ்டேக் இருப்பு, டயர் காற்று, சாப்பாடு ஆகியவற்றை அவர்கள் கவனிக்கட்டும். ஆள் மாறும் நேரத்தையும் அவர்களே போனில் குறித்துவைக்கலாம். வேகக் கேமராவின் சலான் உரிமையாளர் பெயருக்கே வரும். அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்ற தகராறுக்கு அந்தக் குறிப்பு விடை சொல்லும்.