டாக்டர் எழுதியது ஒன்று, கடையில் தந்தது வேறு: மருந்தாளுநர் பதில்கள்

கே: சீட்டில் இருந்த பிராண்டுக்குப் பதிலாகக் கடைக்காரரே ஜெனரிக் (அதே மருந்து, வேறு கம்பெனி தயாரிப்பு) தரலாமா?

ப: டாக்டர் பிராண்டை எழுதாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை, எந்தக் கம்பெனி தயாரிப்பும் தரலாம். பிராண்டை எழுதினால்தான் சட்டம் குறுக்கே வரும், அதுவும் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்வீடனில் 2002 முதல் விலை குறைந்த சமமான மருந்தைத்தான் தர வேண்டும். டாக்டர் தடுக்கலாம், நோயாளி மறுத்தால் விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். இந்தியாவில் இதற்கு நேரெதிர். 1945 மருந்து விதிகளின் 65(11ஏ) படி, எச், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை) எழுதியதற்கு மாற்றாக வேறொன்றைத் தரக் கூடாது, உள்ளே அதே மருந்தே இருந்தாலும்.

கே: ஜெனரிக்கில் மருந்து 20% குறைவாக இருக்கலாமாமே?

ப: இந்தக் கேள்வி வராத நாளே இல்லை! மாத்திரையில் இருக்க வேண்டிய அளவு இரண்டிலும் ஒன்றுதான். 80 முதல் 125% என்பது பிராண்டை 100 என்று வைத்து, ரத்தத்தில் ஜெனரிக் சேரும் அளவை ஒப்பிடும் சோதனைக்கான எல்லை. சராசரி மட்டும் உள்ளே விழுந்தால் போதாது, அதன் பிழை வரம்பு (உண்மை அளவு இருக்கக்கூடிய இடைவெளி) முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். சராசரி 81 என்றால் வரம்பின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் 80க்குக் கீழே போய்விடும், மருந்து தோற்றுவிடும். நூலிழையில் அளவு பார்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஐரோப்பாவில் எல்லை இன்னும் குறுகல்: 90 முதல் 111.

கே: அம்மா வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார். மாதாமாதம் வேறு கம்பெனி வருகிறது. பரவாயில்லையா?

ப: வேண்டாம். ஜெனரிக் என்பதால் அல்ல, மாறிக்கொண்டே இருப்பதால். ஃபெனிட்டாயினில் அளவைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறக்கூடும். ஜெனரிக்கே ஆனாலும் ஒரே கம்பெனியில் நில்லுங்கள். பழைய மாத்திரை அட்டையைக் கடைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லி ரத்த அளவு பார்த்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுப்பது) சாப்பிடுபவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: மெதுவாகக் கரையும் மாத்திரை இல்லை என்று, அதே மில்லிகிராமில் சாதா மாத்திரை தருகிறார்கள். வாங்கலாமா?

ப: கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து மொத்தமாக உள்ளே இறங்கிவிடும். இரண்டு ‘மெதுவாகக் கரையும்’ மாத்திரைகளே ஒன்றுபோல் கரையாமல் போனதுண்டு: மன அழுத்தத்துக்கான புப்ரோபியான் 300 மி.கி. ஜெனரிக் ஒன்று மூல பிராண்டுக்குச் சமமல்ல என்று 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது.

கே: இன்சுலின்?

ப: அது உயிரியல் மருந்து (உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிப்பது), ஜெனரிக் கணக்கில் வராது. டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

கே: எனக்கு லாக்டோஸ் (பால் சர்க்கரை) ஒத்துக்கொள்ளாது. கம்பெனி மாறினால் பரவாயில்லையா?

ப: மருந்தோடு மாத்திரையில் சேர்க்கும் லாக்டோஸ் போன்ற சேர்மானப் பொருட்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.